மொத ரெட்டக்குழல்: பக்கவாட்டா, மேல-கீழயா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஓரமா காட்டுக்கோழி வேட்டைக்குப் போகணும், எந்த ரெட்டக்குழல் துப்பாக்கி வாங்கலாம்னு தம்பி ஒருத்தன் கேட்டான். போலீஸ்ல துப்பாக்கி லைசன்ஸ், பெர்ஹிலித்தான்ல (வனவிலங்கு இலாகா) வேட்டை லைசன்ஸ், ரெண்டும் இல்லாம இந்தப் பேச்சே வேணாம்லா.

பக்கவாட்டுக் குழல், அதாவது ரெண்டு குழலும் பக்கத்துப் பக்கத்துல இருக்குறது, பழைய தொரைங்க கையில இருந்த மாதிரி, பொதுவா லேசா இருக்கும், நாள் பூரா தூக்கிட்டு நடக்கலாம், மடக்குறப்பவும் ரொம்ப தொறக்க வேணாம், புதருக்குள்ள நின்னுகிட்டே தோட்டா மாத்திடலாம். நெறைய துப்பாக்கியில ரெண்டு ட்ரிகர் இருக்கும், முன்னது ரவை அகலமா பரவுற குழலுக்கு, பின்னது இறுக்கமான சோக் (குழல் முனை குறுகுறது, ரவை பரவாம போகும்) குழலுக்கு, பறவை கிட்டயா தூரமான்னு பாத்து விரலாலயே முடிவு பண்ணிக்கலாம், எனக்கு இதுதான் ரொம்பப் புடிச்சது.

மேல-கீழ வகை, ஒரு குழலுக்கு மேல இன்னொரு குழல், பின்னாடி பிரபலமானது, இந்த வகையில பிரௌனிங் கம்பெனியோட சூப்பர்போஸ்ட் துப்பாக்கி விற்பனைக்கு வந்தது 1931ல. குறி பாக்குறப்ப ஒரே குழல்தான் கண்ணுக்குத் தெரியும், கீழ்க்குழல மொதல்ல சுட்டா உதை நேரா தோளுக்கு வரும், முனை அவ்வளவா தூக்காது, அதனால ரெண்டாவது வெடி சீக்கிரம் போடலாம். கொஞ்சம் கனம்தான்.

தம்பிக்கு நான் சொன்னது மேல-கீழ, 12 கேஜ் (கேஜ்னா குழல் அகலத்தோட அளவு, எண் கூடினா குழல் சின்னது). வீட்ல 20 கேஜும் இருந்தா தோட்டாவ ஒரே பையில கலக்காத, 20 தோட்டா 12 குழலுக்குள்ள வழுக்கிப் போய் மாட்டிக்கும், தெரியாம பின்னாடி இன்னொன்னு போட்டு சுட்டா குழலே வெடிச்சிடும்.