கல்வி முதுமாணி படிக்கப்போகும் ஆசிரியர்களுக்கு: நான் படித்த பாடநெறி பற்றி

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 10, 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முதுமாணி முடித்து நாலு மாதம். "எங்க சேரலாம் டீச்சர்?" என்று ஸ்டாஃப் றூமில் கேட்காத ஆள் இல்லை. படித்த இடத்தின் பெயர் மட்டும் கேட்காதீர்கள், குறையும் சொல்லப்போகிறேன்.

நமக்குக் கிட்ட என்றால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், மட்டக்களப்பில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம். மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் என்றால் இரவு றெயில், லீவு, தங்க ஒரு சொந்தக்காரர் வீடு. எதுவானாலும் அந்த முறை தமிழ் மொழிமூலம் எடுக்கிறார்களா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டே விண்ணப்பியுங்கள்.

முதுமாணி என்றால் எல்லாம் ஒன்றல்ல. பட்டங்களை மட்டம் மட்டமாகப் பிரிக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒன்பதாம் மட்டத்துக்கு 30 கிரெடிட். பத்தாம் மட்டத்துக்கு 60, அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. நான் எடுத்தது பத்தாம் மட்டம்.

கட்டின காசுக்குப் பெறுமதி என்று நான் சொல்வது மதிப்பீட்டு அலகை. ஒப்படைக்காக எங்கள் தரம் 10 தவணைப் பரீட்சையின் 60 விடைத்தாள்களை எடுத்தேன். கூடப் புள்ளி எடுத்த 27 வீதம், குறையப் புள்ளி எடுத்த 27 வீதம் என்று பிரித்தால் பக்கத்துக்கு 16 பேர். ஒவ்வொரு பல்தேர்வுக் கேள்விக்கும் இந்தப் பக்கம் எத்தனை சரி, அந்தப் பக்கம் எத்தனை சரி என்று எண்ணவேண்டும். 17ஆம் கேள்வியில் கெட்டிக்காரரில் 5 பேர் சரி, மற்றப் பக்கம் 9 பேர் சரி! வித்தியாசத்தை 16ஆல் பிரித்தால் −0.25. கழித்தல் வந்தால் கேள்வியிலேயே ஏதோ பிழை என்று சந்தேகிக்கவேண்டும். கேள்வி, இரவில் தாவரத்தில் நடப்பது எது என்பது. விடை சுவாசம் என்று நான் போட்டிருந்தேன். நல்லாய்ப் படித்த பிள்ளைகள் 'சுவாசமும் ஆவியுயிர்ப்பும்' என்ற விடையைத் தெரிந்திருந்தார்கள். இலைவாய் மூடினாலும் மேற்பரப்பால் கொஞ்சம் நீராவி போகத்தானே செய்யும்? பிழை விட்டது நான். 14 வருடம் வினாத்தாள் எடுத்த ஆளுக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை.

மற்றதெல்லாம் அந்தளவுக்கு இல்லை. பாடநெறிப் பெயரில் 'இடைநிலைக் கற்பித்தல்' இருந்தது. ஆனால் முக்கால்வாசியும் கல்வி நிர்வாகம், திட்டமிடல். தரம் 6இல் வாசிக்கத் தடுமாறி வருகிற பிள்ளைக்கு விஞ்ஞானத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அதிபராகும் எண்ணம் உள்ளவர்களுக்கு இது நல்லாய்ப் பொருந்தும். சனிக்கிழமை வகுப்பு இல்லை என்ற வாட்ஸ்அப் செய்தி காலை ஏழரைக்கு வரும். அதற்குள் நான் பாதி வழி போயிருப்பேன்.

ஆய்வுதான் பெரிய கரைச்சல். முன்மொழிவைக் கொடுத்துவிட்டு பதினொரு கிழமை காத்திருந்தேன். திரும்பி வந்தபோது பச்சை மையில் ஒரு வரி: "பரவாயில்லை, தொடரவும்." இரண்டு தரம் மேற்பார்வையாளர் மாறினார். மூன்றாவதாக வந்தவர் நல்ல மனிதர், அத்தியாயம் அனுப்பினால் மூன்று நாளில் பதில் வரும். அவர் இல்லையென்றால் இன்னும் முடித்திருக்கமாட்டேன்.

விண்ணப்பப் படிவம் எடுக்கப் போகும்போது கட்டணத்தை எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். எங்களுக்கு ஒன்பது பேர். நான் கேட்கவில்லை.