டிக்கியில் பெட்டியா, இருக்கைக்கு அடியில் சப்வூஃபரா?

என் பழைய காரின் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) பெட்டியும் தனி ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. இப்போதைய காரில் முன் இருக்கைக்கு அடியில், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த 8 அங்குல ஆக்டிவ் சப்வூஃபர் இருக்கிறது. இரண்டுக்கும் கைக்காசு செலவழித்தவன் என்ற முறையில், வேலூரில் ஒரே காரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துபவர்களுக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன்.

பெட்டியின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி எழுப்பும் ஒலி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தை 12 அங்குலப் பெட்டி நெஞ்சுக்குள் கொண்டுவந்து நிறுத்தும். இருக்கைக்கு அடியில் உள்ளது அந்த இடத்தில் தடுமாறி, அதற்கு மேலுள்ள சுரங்களில்தான் சுதாரித்துக்கொள்ளும். தவிலில் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்து அடியும் பெட்டியில்தான் முழுமையாகக் கேட்டது. பெட்டியிலேயே மூடியது, காற்றுத்துளை உள்ளது என இரண்டு வகை உண்டு. துளை உள்ளது அதே வாட்டில் கூடுதலாக அதிரும் என்றாலும், ஏறத்தாழ இரு மடங்கு இடம் கேட்கும். என்னிடம் இருந்தது மூடிய வகை என்பதால், மற்றதை நண்பர்களின் காரில் கேட்ட அளவுக்கே சொல்கிறேன்.

இட நெருக்கடியை விளக்க வேண்டியதில்லை. ஆரணிக்குப் போய் இரண்டு மூட்டை அரிசி வாங்கி வருகிற நாளில் பெட்டியைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனதைச் சொன்னாலே போதும்.

என்னை மாற வைத்தது மின்சாரம். ஆர்.எம்.எஸ். கணக்கில் (அதாவது தொடர்ந்து தரக்கூடிய அளவில்) 500 வாட் தரும், மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபயர், முழு வீச்சில் 80 சதவீதத் திறனோடு இயங்குவதாக வைத்துக்கொண்டால், 625 வாட்டை உறிஞ்சும், 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். பாட்டு முழுவதும் இவ்வளவு ஓடாது, அடி விழும் கணங்களில் மட்டுமே எகிறும் என்பது உண்மைதான். ஆனால் சிக்னலில் நிற்கும்போது, எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தருவதில்லை. மே மாத வேலூர் வெயிலிலோ ஏசியும் ரேடியேட்டர் விசிறியும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். பற்றாக்குறையைப் பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டால் நிலைமை இன்னும் மோசம்: சராசரியாக 15 ஆம்பியர் போனாலும், சிறிய கார்களில் வழக்கமான 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட பாதி தீர்ந்துவிடும்.

ஓர் இரவு காட்பாடி மேம்பாலத்தில் இறங்கும்போது, ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்ததை முன்னால் போன லாரியின் பின்பலகையில் பார்த்தேன். மறுநாள் பவர் கேபிளின் முனையைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி வெளுப்பு. செம்பு முலாம் பூசிய அலுமினியம். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் போகும் 8 கேஜ் கேபிளில் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும்), 45 ஆம்பியர் ஓடும்போது சுத்தமான செம்பானால் ஏறக்குறைய அரை வோல்ட் குறையும்; இந்த முலாம் கம்பியானால் அது முக்கால் வோல்ட்டை நெருங்கும். 4 கேஜ் செம்புக் கேபிளுக்கு மாற்றிய பிறகு விளக்கு ஓரளவு அடங்கியது. பேட்டரி மட்டும் அடுத்த கோடையைத் தாண்டவில்லை. வெயிலுக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் பழி முழுவதையும் பெட்டியின் மேல் போட மாட்டேன்.

இருக்கைக்கு அடியில் உள்ள என் சப்வூஃபர் ஆர்.எம்.எஸ். கணக்கில் 120 வாட். அதே கணக்குப்படி 11 ஆம்பியர், அதாவது ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து எடுக்கும் அளவை ஒட்டியது. அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் 'மேக்ஸ்' வாட்டை நம்ப வேண்டாம், ஆர்.எம்.எஸ். எண்ணையே கேளுங்கள். எந்த வகையை வாங்கினாலும், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் போடாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். வாசலோரம் தகட்டின் விளிம்பில் உரசி கேபிளின் தோல் கிழிந்தால், தீயைத் தடுக்க அந்த ஃபியூஸை விட்டால் வேறு வழி இல்லை.

விற்கும்போதும் வித்தியாசம் தெரிந்தது. பழைய காரைப் பார்க்க வந்தவர் டிக்கி விரிப்பைத் தூக்கி, வெட்டி ஒட்டிய ஒயர்களைப் பார்த்துவிட்டுத்தான் விலையைக் குறைத்துக் கேட்டார். இந்த முறை கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் (செருகி இணைக்கும் பிளக்) வைத்தே இணைக்கச் சொன்னேன்.

இருக்கைக்கு அடியில் வைப்பதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. தூசி சேரும், மழைக்காலத்தில் நனைந்த செருப்போடு ஏறினால் தரைவிரிப்பு ஈரம் காக்கும், அந்த இருக்கையில் உட்காரும் என் அம்மாவுக்கு அதிர்வு பிடிப்பதில்லை. வாங்கும் முன் இருக்கையை முழுவதும் கீழே இறக்கி, முன்னும் பின்னும் நகர்த்தி, அடியில் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பின்சீட்டுக்கு ஏசிக் காற்று கொண்டுபோகும் குழாய் அங்கே ஓடுகிறதா என்று டார்ச் அடித்தும் பாருங்கள். அது ஓடும் கார்களில் 8 அங்குலம் நுழைவது கடினம்.