வால்வின் மேல் திருகும் டயர் அழுத்த உணரிகள்: பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

டேஷ்போர்டில் லாட வடிவத்துக்குள் ஆச்சரியக்குறியுடன் எரியும் மஞ்சள் விளக்கு, ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. எந்தச் சக்கரம், எவ்வளவு குறைந்திருக்கிறது, எத்தனை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பல கார்களில் அந்த விளக்கிடம் பதில் இல்லை. என் காரும் அந்த வகைதான். அதனால் வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் திருகிப் பொருத்தும் நான்கு உணரிகளும், வெயிலில் தானே சார்ஜ் ஏறும் ஒரு சிறிய திரையும் கொண்ட தொகுப்பு ஒன்றை வாங்கினேன். ஏறக்குறைய ஒரே அமைப்பில் பல நிறுவனங்கள் இதை விற்கின்றன என்பதால், என் மதிப்பீட்டில் பெரும்பகுதி அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

கார் தயாரிப்பாளர் தந்திருக்கும் விளக்கு ஏன் போதவில்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் கருவியின் மதிப்பு விளங்கும். பல கார்களில் அந்த விளக்குக்குப் பின்னால் காற்றழுத்தத்தை அளக்கும் பொருள் எதுவுமே கிடையாது. சக்கரம் உருளாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கரங்களில் ஏற்கெனவே இருக்கும் வேக உணரிகளைக் கொண்டே அது இயங்குகிறது. காற்று குறைந்த டயர் சற்றே தாழ்ந்து உருள்வதால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுழல்கிறது. அந்த வேறுபாட்டைக் கணினி கவனித்து விளக்கை எரியவிடுகிறது. எனவே நான்கு டயர்களிலும் மாதக்கணக்கில் சமமாகக் காற்று இறங்கினால், இதன் எளிய வடிவங்கள் எதையும் உணராமலே இருந்துவிடும். காற்று நிரப்பாமல் ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்தினாலோ, குறைந்திருக்கும் அந்த நிலையையே சரியான நிலை என்று கணினி பதிந்துகொள்கிறது. விளக்கு அணைந்துவிட்டதே என்று நிம்மதியடைபவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் வரம்பும் தாராளமானது. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்ட 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டத்தைத் தொடர்ந்து, 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்பனைக்காகத் தயாரிக்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் இந்த விளக்கு கட்டாயமானது. பரிந்துரைக்கப்பட்ட அழுத்தத்திலிருந்து 25 சதவீதம் குறையும்போது விளக்கு எரிய வேண்டும் என்பது அந்த விதி. 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இருக்க வேண்டிய டயர் 24க்கு இறங்கும் வரை விளக்கு எரியாமல் இருந்தாலும் விதி மீறப்படவில்லை. ஆனால் 27 பிஎஸ்ஐயில் முழுச் சுமையுடன் நெடுஞ்சாலையில் ஓடும் டயர், ஓரங்களில் அதிகமாகத் தேய்ந்துகொண்டும், பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறிக்கொண்டும்தான் ஓடுகிறது. நான் வாங்கிய கருவியில் கீழ் வரம்பை நாமே நிர்ணயிக்கலாம். பரிந்துரைக்கப்பட்ட அளவிலிருந்து சுமார் 10 சதவீதம் குறைந்ததும் ஒலிக்கும்படி வைத்திருக்கிறேன். இந்த ஒரு வசதிக்காகவே இதை வாங்கலாம் என்பது என் கருத்து.

பொருத்துவது எளிது. காரை மூன்று மணி நேரமாவது நிறுத்தி டயர் குளிர்ந்த பிறகு, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி காற்று நிரப்ப வேண்டும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அது நிரப்ப வேண்டிய அளவன்று. நிரப்பிய பின், உணரி தளராமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு நட்டை முதலில் திருகி, அதன்மேல் உணரியைத் திருகி, நட்டை மேல்நோக்கித் திருப்பி இறுக்கினால் வேலை முடிந்தது. கையில் பிடித்து அழுத்தம் பார்க்கும் நம்பகமான மானி ஒன்றுடன் ஒப்பிட்டபோது திரை காட்டிய எண்கள் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐக்குள் ஒத்துப்போயின. அன்றாடப் பயன்பாட்டுக்கு இந்தத் துல்லியம் போதும்.

எண்களைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கியதும் டயரின் இயல்பு புரியவருகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார், அதாவது சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ குறைகிறது. குளிர்ந்த காலையில் எரிந்து, சிறிது தூரம் ஓட்டியதும் அணைந்துவிடும் விளக்குக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அப்படிப்பட்ட டயர் வரம்பின் விளிம்பில் நிற்கிறது. காற்று நிரப்பியே ஆக வேண்டும். வேகமாக ஓட்டும்போது நான்கு டயர்களிலும் சில பிஎஸ்ஐ கூடுவதும் திரையில் தெரிகிறது. அதைப் பார்த்துக் கவலைப்பட்டுச் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிடக் கூடாது. ஆறியதும் அது தேவையான அளவுக்குக் கீழே போய்விடும். கருவி வெப்பநிலையையும் காட்டுகிறது என்றாலும், உணரி டயருக்கு வெளியே காற்றோட்டத்தில் இருப்பதால் அந்த எண் உள்ளே இருக்கும் வெப்பத்தைக் காட்டாது. பெட்டியில் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தியிருக்கும் வெப்ப எச்சரிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை.

இதன் உண்மையான பயன் மெல்லிய கசிவுகளைக் கண்டுகொள்வதில் இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தின் எண் மட்டும் காலைதோறும் மற்றவற்றைவிடச் சற்றுக் குறைந்துகொண்டே வந்தது. கழற்றிப் பார்த்தபோது டயரின் தரைபடும் பகுதியில் ஒரு சிறிய ஆணி முழுவதுமாக இறங்கியிருந்தது. அது பக்கச்சுவரில் இல்லாததால் முறையாகப் பழுதுபார்க்க முடிந்தது. காரின் சொந்த விளக்கு அதுவரை ஒருமுறைகூட எரியவில்லை.

இனி குறைகளுக்கு வருகிறேன். அவற்றில் இரண்டு பாதுகாப்பு தொடர்பானவை. இந்த உணரி அழுத்தத்தை அளப்பதற்காக வால்வுக்குள் இருக்கும் ஊசியை எந்நேரமும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கிறது. அதுவரை காற்றைத் தடுத்துநின்ற ஊசியின் பொறுப்பு, உணரிக்குள் இருக்கும் ஒரு சிறு ரப்பர் வளையத்துக்குப் போய்விடுகிறது. அந்த வளையத்தில் மணல் சிக்கினாலோ, அது வெயிலில் காய்ந்து வெடித்தாலோ, கசிவைக் காட்ட வேண்டிய கருவியே கசிவுக்குக் காரணமாகிவிடும். பொருத்தியவுடன் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும், அதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்வதும் கட்டாயம்.

இரண்டாவது குறை, உணரியின் எடை. சில கிராம் எடைதான் என்றாலும், சக்கரம் வேகமாகச் சுழலும்போது அந்த எடை வால்வுத் தண்டை வெளிப்புறமாக இழுத்து வளைக்கிறது. பழைய ரப்பர் வால்வாக இருந்தால் அடிப்பகுதியில் வெடிப்பு விழுந்து, ஓட்டத்தின் நடுவிலேயே காற்று முழுவதும் இறங்கிவிடக்கூடும். உலோக வால்வுகளை மாற்றிக்கொண்ட பிறகே இதைப் பொருத்த வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. எனக்குக் கிடைத்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதை நான் மன்னிக்க முடியாத அலட்சியமாகவே கருதுகிறேன். உயிரோடு தொடர்புடைய தகவலைத் திரையின் வண்ணங்களை விளக்கும் பக்கத்திலாவது ஓர் ஓரத்தில் அச்சிட்டிருக்கலாம்.

ஒவ்வொரு முறை காற்று நிரப்பும்போதும் நட்டைத் தளர்த்தி உணரியைக் கழற்ற வேண்டியிருப்பது மூன்றாவது சங்கடம், ஆனால் பழகிவிடுகிறது. பட்டன் பேட்டரிகளை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பது அதற்கு ஈடான நன்மை.

விளக்கை அணைக்க வேண்டும் என்பதற்காக இதை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கருவி தன் திரையுடன் மட்டுமே பேசும்; காரின் கணினியுடன் இதற்குத் தொடர்பில்லை. காரை இயக்கியதும் விளக்கு ஒரு நிமிடத்துக்கும் மேலாக மினுமினுத்துவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், அது காற்றுக் குறைவை அல்ல, கண்காணிப்பு அமைப்பிலேயே ஏற்பட்ட கோளாறைக் குறிக்கிறது. சக்கரத்துக்குள் தொழிற்சாலையிலேயே உணரிகள் பொருத்தப்பட்ட கார்களில் அவற்றின் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். உணரியோடு சேர்த்து மூடப்பட்ட பேட்டரி என்பதால் பெரும்பாலும் உணரியையே மாற்ற வேண்டும். அத்தகைய கார்களின் வால்வு மேல் இதைத் திருகுவதால் பயனில்லை. அலுமினிய வால்வுத் தண்டில் வேறு உலோக மரை இறுகி அரித்துப்போய், கழற்றவே முடியாமல் போகும் ஆபத்தும் உண்டு.

காரில் வேகத்தைக் கொண்டு கணிக்கும் விளக்கு மட்டும் இருந்து, உலோக வால்வு மாற்றவும் தயாராக இருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அதிகம் பயணம் செய்பவர்கள் இதே தொகுப்பில் டயருக்குள் பொருத்தும் வகையைத் தேர்ந்தெடுப்பது மேல். கழற்றிப் பூட்டும் தொல்லையும் ரப்பர் வளையத்தைப் பற்றிய கவலையும் அதில் இல்லை. வெளியே பொருத்தும் வகையை வாங்குபவர்கள், முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றும்போது உணரிகளைக் கழற்றி, அவற்றின் மேல் குறித்திருக்கும் பழைய இடத்திலேயே மீண்டும் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் திரை ஒரு சக்கரத்தின் எண்ணை வேறொரு சக்கரத்தின் பெயரில் காட்டும்.