அப்பாவின் டூ-இன்-ஒன்னா, கனத்த டெக்கா?

பழைய கேசட்டுகளைக் கேட்க இன்றைக்கு இரண்டு வழி. பரணில் கிடக்கும் கல்ஃப் டூ-இன்-ஒன்னை, அதாவது ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த செட்டை, இறக்கிச் சரிசெய்யலாம். இல்லையென்றால், ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கிற பெரிய டெக் ஒன்றைப் பழையதாக வாங்கிப் பழுதுபார்க்கலாம். தென்காசிப் பக்கம், கேரள எல்லையில் உள்ள புளியரையில் இருந்துகொண்டு இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. நான் இப்போது டூ-இன்-ஒன் கட்சி.

ஒலி டெக்கில்தான் சுத்தம். ஓட்டத்தைச் சீராக்கும் கனமான ஃப்ளைவீல் சக்கரம், டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் நல்ல ஹெட், இரைச்சலும் குறைவு. இதில் வாதாட ஒன்றுமில்லை. விஷயம் ரப்பரில் இருக்கிறது.

அப்பா சவுதியின் தம்மாமில் இருந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்காகப் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பிய கேசட்டுகள் 23 எங்களிடம் உண்டு. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் இரண்டு வருடத்துக்கு முன் டெக் வாங்கினேன். முதல் ஆனியிலேயே படுத்துவிட்டது. பிளே அழுத்தினால் விளக்கு எரியும், உள்ளே 'கிர்ர்' என்று ஒரு முனகல், அப்புறம் தானாக நின்றுவிடும்.

அதை மடியில் வைத்துக்கொண்டு ஆரியங்காவு வளைவுகளைக் கடந்து புனலூருக்குப் பஸ்ஸில் போனேன். அங்கே ஒரு சேட்டன் இன்னும் இந்த வேலை பார்க்கிறார். முன்பக்கத்தைக் கழற்றி, ஒயர்களைப் பிடுங்கி, மெக்கானிசத்தை வெளியே எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. பெல்ட் இருந்த இடத்தில் பெல்ட் இல்லை. தார் மாதிரி இளகிப் புல்லியில் அப்பியிருந்தது. பாலியூரத்தேன் பெல்ட்டுகளுக்கு ஈரப்பதம் ஆகாது, வருடக்கணக்கில் சிதைந்து இப்படித்தான் உருகும். சாரல் காலத்தில் துவைத்த துணியே மூன்று நாள் காயாத ஊர் எங்களுடையது. கையில் ஒட்டியது தேங்காய் எண்ணெய் தேய்த்த பிறகுதான் போனது.

டெக்கில் ஒரு பெல்ட்டோடு கதை முடியாது. டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டைச் சுற்ற ஒன்று, ஹெட்டை மேலே தூக்கும் சின்ன மோட்டாருக்கு இன்னொன்று, ரீல் திருப்ப ஒரு ரப்பர் சக்கரம். என்னுடையது இரட்டைக் கேப்ஸ்டன் ஆனதால் டேப்பை அதோடு அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரும் இரண்டு. இரண்டில் ஒன்று கெட்டியாகிப் போனாலும் டேப் நடுவே தளர்ந்து, சுருண்டு மாட்டிக்கொள்ளும். ஹெட் தூக்கும் பெல்ட் லேசாக வழுக்கினால் போதும், மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பாட்டு வராது.

"அண்ணாச்சி, வீட்டில் பழைய செட் உண்டெங்கில் அதைக் கொண்டு வா" என்றார் சேட்டன். தன் வருமானத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும் மனிதர்.

பரணிலிருந்து நேஷனல் பானாசோனிக்கை இறக்கினேன். பியானோ கட்டை மாதிரி பெரிய பொத்தான்கள். விரல் அழுத்துகிற பலத்தில்தான் ஹெட் மேலேறுகிறது, அதற்கு மோட்டாரும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம். பின்மூடியைக் கழற்றினால் மெயின் பெல்ட் கண்முன்னே. என்னுடையது உருகவில்லை, தளர்ந்து மட்டும் இருந்தது. புல்லிகளைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அளந்து, அதைவிட நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு குறைவான சுற்றளவில் சதுரப் பெல்ட் ஒன்றைத் தென்காசியில் வாங்கி, நானே மாட்டினேன். அடுத்த சாரலுக்குப் போனாலும் போகட்டும், பத்து நிமிட வேலை.

வேகத்தைச் சரிபார்க்க டெஸ்ட் டேப் தேடி அலைய வேண்டாம். கேசட்டின் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். வேண்டாத டேப்பில் 476 சென்டிமீட்டர் அளந்து இரு முனையிலும் மார்க் செய்தேன். 100 நொடியில் ஓடி முடிய வேண்டும்; 96-லேயே முடிந்தது. அப்பா குரல் கீச்சென்று கேட்டதன் காரணம் அதுதான். மோட்டாரின் பின்னால் சின்னத் துளைக்குள் இருக்கும் திருகை மயிரிழை திருப்பினேன். அடங்கிவிட்டது.

இன்னொரு லாபத்தை நான் எதிர்பார்க்கவேயில்லை. ஹெட்டின் சாய்வு கொஞ்சம் மாறினாலும் 'ச', 'ஸ' ஒலிகள் மங்கிவிடும். டெக்கில் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைத் திருத்தும் திருகோடு மல்லுக்கட்டினேன். இந்தக் கேசட்டுகள் பதியப்பட்டதே அப்பா தம்மாமிலிருந்து தூக்கி வந்த இந்த டூ-இன்-ஒன்னில்தான். சாய்வு ஏற்கெனவே பொருந்தியிருக்கிறது. உங்களுக்கும் அப்படி என்றால் அந்தத் திருகைத் தொடவே தொடாதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. ரெக்கார்டு, பிளே மாற்றும் நீளச் சுவிட்ச் களிம்பேறிக் கரகரக்கும், கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை தள்ளிவிட வேண்டும். சவுதியில் அப்போது 127 வோல்ட் புழக்கத்தில் இருந்ததால், பின்னாலுள்ள வோல்டேஜ் சுவிட்ச் 220-ல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே பிளக்கைச் செருகுங்கள். டேப் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் எந்தச் செட்டிலும் போடாதீர்கள், ஹெட் முழுக்க அப்பிக்கொள்ளும். முதலில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய சம்படத்தில் காய விடுங்கள்.

என் கேசட்டுகள் எல்லாம் பேச்சு. கச்சேரி, அதுவும் இரைச்சலைக் குறைக்கும் டால்பி போட்டுப் பதிந்தது என்றால் டெக்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்த வகையில் என் அனுபவம் இரண்டே கேசட்டுதான்.

டெக்கைத் திருப்பி எடுத்து வரவில்லை. மோட்டாரையும் ஹெட்டையும் கழற்றிக்கொள்ளட்டும் என்று சேட்டனிடமே கொடுத்துவிட்டேன். அவர் கூலியாகக் கேட்டது ஒரு கிலோ செங்கோட்டை முறுக்கு.