வி.எஸ்.எம். வரையப் பென்சிலா, கம்ப்யூட்டரா? ஒரு பம்ப் யூனிட்டின் அனுபவம்

கோவையில் மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) செய்யும் ஒரு நடுத்தர யூனிட்டில் உற்பத்திப் பொறுப்பில் இருக்கிறேன். வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங்கை (வி.எஸ்.எம்.) நாங்கள் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தாயிற்று. முதலில் கம்ப்யூட்டரில் வரைந்தோம். ஒன்றரை வருடம் கழித்து அதை விட்டுவிட்டுப் பிரவுன் பேப்பருக்கும் பென்சிலுக்கும் வந்தோம். இரண்டில் எது என்று கேட்டால் பென்சில் என்றுதான் சொல்வேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை அதற்கேற்பப் படித்துக்கொள்வீர்கள்.

வி.எஸ்.எம். என்றால் என்ன என்று நீட்டி விளக்கப்போவதில்லை. டொயோட்டாவில் பொருளும் தகவலும் ஓடும் வழியை ஒரே தாளில் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தது. அதுதான் இந்தப் பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. இருப்புக்கு முக்கோணம், ஒவ்வொரு வேலைக்கும் அதன் எண்களை எழுத ஒரு டேட்டா பாக்ஸ், அடியில் ஏணி மாதிரி ஒரு காலக்கோடு. இவ்வளவுதான் அதன் எழுத்துகள்.

வெளிப்படையான வித்தியாசங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பார்வைக்கு அழகு, கூட்டல் பெருக்கல், கஸ்டமருக்கு மெயிலில் அனுப்புவது, பழைய படத்தைப் பத்திரமாக வைப்பது, எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர்தான் மேல். செலவு இரண்டிலுமே பெரிய விஷயமில்லை. இவற்றை மட்டும் வைத்து முடிவெடுத்ததால்தான் முதல் தடவை நாங்கள் கம்ப்யூட்டர் பக்கம் போனோம்.

அந்தப் படத்தை வரைந்த இளம் எஞ்சினியர் நல்ல திறமைசாலி. ஈ.ஆர்.பி.யிலிருந்து (கம்பெனிக் கணக்குகளை வைத்திருக்கும் சாஃப்ட்வேர்) இருப்பு எண்களை எடுத்து, இரண்டே நாளில் அழகாக முடித்து, பிரிண்ட் போட்டு மேனேஜர் அறையில் மாட்டினார். லேத்தில் கடைசல் முடிந்த மோட்டார் பாடி 210 என்று அதில் இருந்தது. அசெம்பிளி சூப்பர்வைசர் ஒரு நாள் ஏதோ வேலையாக உள்ளே வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், லேத்துக்குப் பின்னாடி அடுக்கியிருக்கறத எண்ணுனீங்களா?" என்று கேட்டார். போய் எண்ணினோம். 480 இருந்தது. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளி யூனிட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வந்த பாடிகள் இன்னும் என்ட்ரி ஆகவில்லை. ரீவொர்க்குக்கு ஒதுக்கி வைத்தவை எந்தக் கணக்கிலும் இல்லை. ஈ.ஆர்.பி.யைக் குறை சொல்லவில்லை, அதில் போட்டதைத்தான் அது காட்டும். நாற்காலியில் இருந்தபடியே வரைய முடிகிறது என்பதுதான் கம்ப்யூட்டரில் உள்ள ஆபத்து.

பென்சிலோடு போனபோது டிஸ்பாட்ச் பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி நடந்தோம். நான், அந்த சூப்பர்வைசர், ஸ்டோர்ஸ்காரர், மூன்று பேர். ஒரு நாளைக்குத் தேவை 120 பம்ப். இடைவேளை போக ஷிப்டில் 450 நிமிடம். ஆக 225 நொடிக்கு ஒரு பம்ப் வெளியே வர வேண்டும், அதுதான் டாக்ட் டைம். பேக் ஆனது 600, அதாவது ஐந்து நாள். டெஸ்டிங் முடிந்து பெயின்டுக்குக் காத்திருந்தது 60, அரை நாள். கடைந்த பாடி 480, நான்கு நாள். கடைசலுக்கு முன்னால் பவுண்டரியிலிருந்து வந்து குவிந்த வார்ப்பு 960, எட்டு நாள். இருப்பை நாள் தேவையால் வகுத்தால் காத்திருக்கும் நாள் கிடைத்துவிடும். 1961-ல் ஜான் லிட்டில் நிறுவிய விதி அது. மொத்தம் பதினேழரை நாள். அந்தப் பாடியின் மேல் உண்மையில் கை படும் நேரம், பெயின்ட் காய்வது நீங்கலாக, நாற்பது நிமிடம்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. கம்ப்யூட்டர் படத்தில் தகவல் போகும் வழி சுத்தமாக இருந்தது: ஆர்டர், மாதத் திட்டம், வாரத் திட்டம், ஷாப் ஃப்ளோர். நடந்து போய்க் கேட்டபோது லேத் ஆபரேட்டர் வேறொன்று சொன்னார். சேல்ஸிலிருந்து நேராக சூப்பர்வைசருக்கு போன் வரும், "அந்த ஐம்பது பீஸ் இன்னைக்கே லாரி ஏறணும்" என்று. உடனே ஓடிக்கொண்டிருக்கும் மாடலை நிறுத்தி செட்டிங் மாற்ற வேண்டும். ஒரு செட்டிங்குக்கு 50 நிமிடம் போகும். திட்டப்படி வாரத்துக்கு நான்கு, நடந்தது ஒன்பது. அந்த போனைத் தாளில் கோடாக வரைந்தோம். படத்திலேயே கனமான கோடு அதுதான்.

இதெல்லாம் முதல் நாள் வரைவதைப் பற்றியது. கம்ப்யூட்டரில் வரைபவரும் எழுந்து நடந்து எண்ணினால் இதே பலன் கிடைக்கும், அதை மறுக்கவில்லை. என் முடிவைத் தீர்மானித்தது அதற்குப் பிறகு நடந்தது: படத்தை யார் உயிரோடு வைத்திருப்பது?

கம்ப்யூட்டர் படத்தைத் திருத்தத் தெரிந்தவர் ஒருவர்தான். அவருக்கு வேறு வேலை வந்தால் படம் நின்றுவிடும். அவர் வேறு கம்பெனிக்குப் போனபோது ஃபைல் இருந்தது, திறந்து மாற்றத்தான் ஆள் இல்லை. ஏழு மாதப் பழைய பிரிண்ட் சுவரில் தொங்கியது. இரண்டு மெஷின் இடம் மாறியதுகூட அதில் இல்லை. ஒருநாள் அதன் முன்னால் நின்றுகொண்டே வார்ப்பு எத்தனை வாங்கலாம் என்று பேசினோம். பழைய எண்ணை நம்பி எடுத்த முடிவு அது. அதைவிடப் படமே இல்லாமல் இருந்திருக்கலாம்.

தாள் படம் டெஸ்டிங் பெட்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. நூல் கட்டிய பென்சிலும் ரப்பரும் அங்கேயே தொங்கும். திங்கட்கிழமை காலை டீக்கு முன்னால் ஒவ்வொரு முக்கோணத்தையும் அந்தந்த இடத்து ஆளே எண்ணி, பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறார். இருபது நிமிட வேலை. ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகள் இருவர் தமிழ் படிக்க மாட்டார்கள். ஆனாலும் முக்கோணமும் எண்ணும் அவர்களுக்குப் புரிகிறது, அவர்கள் பகுதியை அவர்களே எழுதுகிறார்கள். தாளுக்கும் பராமரிப்பு உண்டு: எண்ணெய்க் கை படும், ஐப்பசி மழையில் நமத்து ஓரம் கிழியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக வரைகிறோம். அப்படி வரையும்போதெல்லாம் யாராவது ஒருவர், "இந்த டேபிள் இங்க எதுக்கு?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

பலன் என்னவென்றால், பவுண்டரி லாரி வாரம் ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை வருகிறது, வார்ப்பு இருப்பு நான்கு நாளாகக் குறைந்தது. கடைந்த பாடிக்குத் தரையில் கோடு போட்டு 150-க்கு மேல் அடுக்கக் கூடாது என்று வைத்தோம். இதில் பணம் முடங்காதது ஒரு லாபம்தான், ஆனால் பெரிய லாபம் வேறு. முன்பு ஒரு தடவை பாடியின் உள்துளையைக் கடையும் வெட்டு முனை (போரிங் இன்சர்ட்) தேய்ந்து துளை அளவு குறைந்துவிட்டது. மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டர் உள்ளே இறங்கவில்லை. அசெம்பிளியில் அது தெரிந்தபோது நான்கு நாள் பாடிகள் பின்னால் நின்றன, பெரும்பாலானவற்றை மறுபடி லேத்தில் ஏற்றினோம். இப்போது அதே தவறு அடுத்த நாளே தெரிந்துவிடும். பேக் ஆன ஐந்து நாள் சரக்கில் மட்டும் கை வைக்கவில்லை. கோடையில் போர்வெல் தண்ணீர் இறங்கும் நேரத்தில் டீலர் கேட்டு இல்லை என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை. மொத்தம் ஏறக்குறைய பதினொரு நாளில் நிற்கிறோம்.

கம்ப்யூட்டரை முழுக்கத் தள்ளவும் இல்லை. புதுத் தாள் வரையும்போது அதைப் பார்த்து ஒரு பிரதி கம்ப்யூட்டரில் போட்டு வைக்கிறோம், கஸ்டமர் ஆடிட்டுக்கு அது தேவைப்படுகிறது. நாலைந்து ஊர்களில் ஆலை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சுவரில் ஒட்டிய தாள் உதவாது. அந்த அளவு வேலை நான் பார்த்ததில்லை, அங்கே என் வாதம் எடுபடாமல் போகலாம். ஆர்டருக்கு ஏற்ப நாற்பது ஐம்பது மாடல் கலந்து ஓடும் ஜாப் ஷாப்பும் அப்படித்தான். அப்படி ஒரு இடத்துக்கு நான் போக நேர்ந்தால், அதிகம் ஓடும் ஒரு மாடலை எடுத்து, டிஸ்பாட்ச் வாசலிலிருந்து பவுண்டரி லாரி நிற்கும் இடம் வரை ஒரு தடவை பென்சிலோடு நடந்துவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பேன்.