கியூட்டின் கியூசெட்டிங்ஸ்: வேலை சுத்தம், பெயர் மட்டும் உங்கள் பொறுப்பு

கொழும்பில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு கியூட் (Qt) என்ற மென்பொருள் உருவாக்கும் கருவித்தொகுப்பில், அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பகுதியான கியூசெட்டிங்ஸைத் (QSettings) தாராளமாகச் சொல்வேன். நிறுவனப் பெயர், மென்பொருள் பெயர் என்று இரண்டைக் கொடுத்தால் போதும். விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புக் களஞ்சியம், மேக்கில் பிளிஸ்ட் கோப்பு, லினக்ஸில் கொன்ஃபிக் போல்டர் என்று அந்தந்த இடத்தில் அதுவே கொண்டுபோய்ச் சேமித்துவிடும்.

ஆனால் அதே பெயரை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று அது பார்க்காது. புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு துணிக்கடை. ஒரே கணினியில் இரண்டு பேரிடம் வாங்கிய மென்பொருள்கள், ஒன்று பில் போட, மற்றது கிடங்குச் சீட்டு அடிக்க. இரண்டுக்கும் நிறுவனப் பெயர் 'மைசொஃப்ட்', அதாவது கியூட் கையேட்டில் உள்ள உதாரணப் பெயர், அப்படியே நகலெடுத்தது! மென்பொருள் பெயரும் இரண்டிலும் 'பிஓஎஸ்'. அதனால் ரெஜிஸ்ட்ரியில் இரண்டுக்கும் ஒரே இடம், பேப்பர் அகலத்துக்கும் ஒரே சாவி, அதாவது மதிப்பைச் சேமிக்கும் பெயர். கிடங்குப் பக்கம் 58 மில்லிமீட்டர் என்று சேமித்தால், அடுத்த முறை திறக்கும்போது பில்லும் 80 மில்லிமீட்டர் ரோலில் ஒடுங்கி, விலை வரிசை அறுந்து வரும். "தம்பி, பிரின்டர் பழுதாப் போச்சு, புதுசு ஒண்டு பாருங்கோ" என்றார் முதலாளி. பிரின்டரில் ஒரு குறையும் இல்லை, வீண் செலவுதான் ஆகியிருக்கும்.

நிறுவனப் பெயருக்கு நீங்கள் பதிந்து வைத்திருக்கும் டொட் எல்கே (.lk) இணைய முகவரியையே கொடுங்கள், அது இன்னொருவரிடம் இருக்க வழியில்லை. பெரிய எழுத்து சின்ன எழுத்தை மாற்றி வேறுபடுத்தலாம் என்று நினைக்காதீர்கள், லினக்ஸில் அது வேறு கோப்பு, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரிக்கு இரண்டும் ஒன்றுதான். பதிப்பு எண்ணையும் பெயரில் சேர்க்க வேண்டாம், ஒவ்வொரு அப்டேட்டிலும் வாடிக்கையாளரின் அமைப்புகள் காணாமல் போகும். மைக்ரோசொஃப்டின் டொட்நெட்டில் இதே வேலையைச் செய்யும் யூசர் கொன்ஃபிக் கோப்பு இருக்கும் பாதையிலேயே பதிப்பு எண் வரும், அங்கே அப்கிரேட் என்ற கட்டளையை ஓட்டினால்தான் பழையவை புதிய பதிப்புக்கு வரும். இந்தத் தலைவலி கியூசெட்டிங்ஸில் இல்லை, அதுவே எனக்கு இதில் மிகவும் பிடித்தது. அப்புறம், வெளியிட்ட பிறகு பெயரை மாற்றினால் பழைய இடத்தில் உள்ளதை வாசித்துப் புதிய இடத்தில் எழுதும் நிரல் வரிகளையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

எனக்குள்ள ஒரே மனக்குறை ஃபோல்பேக். ஒரு சாவி உங்கள் மென்பொருளின் இடத்தில் இல்லையென்றால் அது சும்மா இருக்காது, அந்த நிறுவனப் பெயரின் பொது இடத்திலும் போய்த் தேடும். பொதுவான பெயர் வைத்தவருக்கு அங்கே யாரோ எழுதிய மதிப்பு வந்து நிற்கலாம். செட் ஃபோல்பேக்ஸ் எனேபிள்ட் என்ற கட்டளையை ஃபோல்ஸ் (வேண்டாம்) என்று வைத்தால் நின்றுவிடும், ஆனால் அதை கியூட்காரர்களே அணைத்துத் தந்திருக்க வேண்டும்.