ராத்திரியில் முகம் தெரியாத கேமரா: செட்டிநாட்டுப் பக்கம் சிசிடிவி போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடிக் கடை ஒன்றில் "5 மெகாபிக்சல், நைட் விஷன், 4 கேமரா பேக்கேஜ்" என்று வாங்கி எங்கள் பூர்வீக வீட்டில் மாட்டினோம். ராத்திரி தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது என்பது வரைக்கும்தான் அதில் தெரியும். நடந்தது யார் என்று தெரியாது. புகார் போய்க்கொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே மாதிரி பேக்கேஜ் பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கமும் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், ஒருவர் மலேசியாவில். எல்லோரும் பணம் போட்டார்கள், வேலையைப் பார்க்கும் பொறுப்பு என் தலையில். கடைக்காரரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வாசலிலும் எதிர்த் தெருவிலும் ராத்திரி நிற்கிற ஆளின் முகம் தெரிய வேண்டும். இதை வாட்ஸ்அப்பிலேயே எழுதி அனுப்பினேன். "சூப்பரா தெரியும்ண்ணே, 5 எம்பி, 40 மீட்டர் நைட் விஷன்" என்று பதில் வந்தது. அந்தச் செய்தி இப்போது புகாரில் இணைப்பாக இருக்கிறது.

டெமோ காட்டியது மத்தியானம் மூன்று மணிக்கு. வெயிலில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் காட்டும். தெரு முழுக்க, கோயில் முக்கு வரைக்கும் டிவியில் விரிந்ததும் சுற்றி நின்றவர்களுக்கு ஒரே சந்தோஷம். மீதிப் பணத்தையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி, வாசலில் நிறுத்தியிருந்த எங்கள் வாட்ச்மேன் அண்ணன் வண்டி காணாமல் போனது. பதிவை எடுத்துப் பார்த்தால் இரண்டு பேர் ஒரு பைக்கில் வருகிறார்கள், ஒருவன் இறங்குகிறான், பூட்டை உடைக்கிறான், போகிறான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு. நம்பர் பிளேட் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டம். பென்டிரைவில் ஏற்றிக் காவல் நிலையத்தில் கொடுத்தபோது எஸ்.எஸ்.ஐ. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "உருவம்தான் சார் தெரியுது, இதை வச்சு யாருன்னு சொல்றது?" என்றார்.

கடைக்குப் போன் போட்டால், "ராத்திரின்னா அப்படித்தான்ண்ணே இருக்கும்." அடுத்த போனுக்கு, "கலர் கேமரா மாத்திருங்க, ஒண்ணுக்கு நாலாயிரம் ஆகும்." மூன்றாவது போனை எடுக்கவே இல்லை.

பிறகு தேவகோட்டையில் இந்த வேலை தெரிந்த தம்பி ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் முதலில் திறந்தது டிவிஆர், அதாவது கேமரா படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டியின் மெனுவை. கேமரா 5 மெகாபிக்சல்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த டிவிஆர் 5 மெகாபிக்சலை வாங்கவே வாங்காது. அதனால் கேமராவையே 2 மெகாபிக்சலுக்கு இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதோடும் விடவில்லை. பதிவாவது "1080என்" என்ற கணக்கில், அதாவது "1080பி லைட்". அகலவாக்கில் 1920 புள்ளி (பிக்சல்) இருக்க வேண்டிய படத்தை 960 ஆக்கிப் பதிந்து, பார்க்கும்போது இழுத்து விரித்துக் காட்டும். பில்லில் "5 எம்பி கேமரா" என்று இருக்கிறது, டிவிஆர் மாடலுக்கு நேரே "4 சேனல்" என்பதோடு சரி. ஏமாற்று இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. விலை குறைந்த பேக்கேஜ் யாராவது சொன்னால் கேமராவை விடுங்கள், டிவிஆர் எந்த ரெசல்யூஷனில் பதிகிறது என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது லென்ஸ். எல்லாக் கேமராவிலும் 2.8 மில்லிமீட்டர். இந்த எண் சிறிதானால் பார்வை அகலும், பெரிதானால் குறுகித் தூரத்தைப் பக்கத்தில் காட்டும். தெரு முழுக்க விரிந்து தெரிந்ததற்கு அதுதான் காரணம், முகம் தெரியாததற்கும் அதுதான் காரணம். அந்தத் தம்பி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏறக்குறைய 100 டிகிரி பார்வை, தெரு 12 மீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தில் கேமரா பார்க்கும் அகலம் 28 மீட்டருக்கு மேல். 960 புள்ளியை 28 மீட்டருக்குப் பங்கு வைத்தால் மீட்டருக்கு 34 புள்ளி. ஒரு முகத்தின் அகலம் சுமார் 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு முகத்துக்கு ஐந்து புள்ளி! கண்காணிப்புக் கேமராவுக்கு ஐஇசி 62676-4 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. முன்பின் பார்த்திராத ஆளை அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும், தெரிந்த ஆள்தான் என்று சொல்லவே 125 வேண்டும், ஆள் நடமாட்டம் இருக்கிறது என்பதற்கு 25 போதும் என்றது அதன் 2014 பதிப்பு. நாங்கள் பணம் கொடுத்து வாங்கியது அந்தக் கடைசிப் படிக்குச் சற்று மேலே. 40 மீட்டர் நைட் விஷன் என்பது அகச்சிவப்பு வெளிச்சம் எட்டும் தூரம். முகம் தெரியும் தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாட்டிய இடம் இன்னொரு கூத்து. நம் வீடுகள் தரையிலிருந்தே உயரம். அதிலும் முகப்பின் மேல்தளத்து விளிம்புக்குக் கீழே ஏணி போட்டு மாட்டியிருக்கிறார்கள். வருகிறவன் தலை உச்சியும் தோளும்தான் தெரியும். தொப்பி போட்டிருந்தால் அதுவும் இல்லை. பக்கத்திலேயே சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், கண்ணாடி மாதிரி வழவழவென்று. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு என்று ஊரில் சொல்வோமே, அதேதான். ராத்திரி கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள்ளேயே வந்து விழுகிறது. வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிக்கொள்கிறது. சுவர் பளபளக்கிறது, தெரு கருப்பு. போதாக்குறைக்கு நூறு வருஷப் பூச்சில் டிரில்லைப் போட்டுப் பெயர்த்து, வெள்ளை சிமென்ட் அப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேமராகூட மாற்றிக்கொள்ளலாம், அந்தப் பூச்சை யார் திரும்பப் பூசித் தருவார்கள்?

பின்தெருக் கேமரா இருட்டினதும் அணைந்து அணைந்து எரியும். காரணம் கேபிள். வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு அறையில் இருக்கும் டிவிஆரிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிக் கேபிள் போக வேண்டும். "ப்யூர் காப்பர் 3+1", அதாவது வீடியோவும் மின்சாரமும் சேர்ந்து போகும் சுத்தச் செம்புக் கேபிள் என்று காசு வாங்கியிருந்தார்கள். பிளேடால் கம்பியைச் சுரண்டியதும் செம்பு நிறம் உதிர்ந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம். அலுமினியத்துக்கு மின்தடை செம்பைவிட அதிகம், அதுவும் இவ்வளவு நீளத்துக்கு. பகலில் ஓடிவிடும். ராத்திரி அகச்சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததும் கரன்ட் கூடுதலாக இழுக்கும், 12 வோல்ட் முனைக்குப் போவதற்குள் குறைந்துவிடும், கேமரா அணையும். கேமரா வேண்டியதே ராத்திரிக்குத்தான்.

நம்பர் பிளேட் விஷயத்தில் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. அது முகம் பார்க்கிற கேமராவால் ஆகிற வேலையில்லை. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு வரும் உயர் பாதுகாப்பு பிளேட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ராத்திரி அகச்சிவப்பில் எழுத்து கரைந்து வெள்ளையாகிவிடும். ஷட்டரும், அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்கும் நேரமும், இருட்டில் நொடியில் 25இல் ஒரு பங்கு வரைக்கும் மெதுவாகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் பைக் அதற்குள் 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பைக்கின் பின்பக்க பிளேட்டே 20 சென்டிமீட்டர் அகலம்தான். பிளேட் வேண்டுமென்றால் நீள லென்ஸோடு தனிக் கேமரா வைத்து, ஷட்டரை 500இல் ஒரு பங்குக்கோ அதற்கும் வேகமாகவோ கட்டிப்போட வேண்டும். அதில் முகம் தெரியாது. இரண்டும் ஒரே கேமராவில் வரும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது வாசல் தூணில் எட்டடி உயரத்தில் ஒரு ஐபி கேமரா (நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்புவது) போட்டிருக்கிறோம். 4 மெகாபிக்சல், ஆனால் வெளிச்சத்தை வாங்கும் சில்லு, அதாவது சென்சார், 1/1.8 அங்குலம். பழைய 1/2.7ஐ விடப் பரப்பு நன்றாகவே அதிகம், அதனால் இருட்டில் படம் நிற்கிறது. மெகாபிக்சல் எண்ணைவிட இதைக் கேட்பதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். லென்ஸ் 6 மில்லிமீட்டர். கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளுக்குப் புள்ளி தாராளம். எதிர்த் தெருவுக்கு அது போதாது, 12 மில்லிமீட்டர் வரை போகும் வேரிஃபோக்கல் (மில்லிமீட்டரைக் கூட்டிக் குறைக்கக்கூடிய லென்ஸ்) கேமரா ஒன்று தனியாக வேண்டும். கூடவே கேட்டில் ஒரு சாதாரண எல்இடி பல்பு விடியவிடிய எரிகிறது. கரன்ட் பில் ஏறுகிறது என்று மலேசியாச் சித்தப்பா முனகுகிறார், முனகட்டும்.

இந்தத் தடவை மீதிப் பணம் கொடுக்கும் முன் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ச்மேன் அண்ணனைத் தெருவில் நடக்கவிட்டோம். நேரலையில் பார்க்கவில்லை, பதிவான வீடியோவை எடுத்து நிறுத்திப் பார்த்தோம். நெற்றியில் விபூதி தெரிந்தது, அதற்கப்புறம்தான் பணம்.

பழைய கடை மேல் 1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்ததும் போன் தானாக வந்தது. டிவிஆரை மாற்றித் தருகிறார்களாம், கேபிளுக்குப் பொறுப்பில்லையாம். ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்து சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இதே பேக்கேஜில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் பில்லையும் டிவிஆர் மாடல் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் என்று வந்து அந்த ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுப் போன கதையும் பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னார்கள்.